அம்மாவின் நாலு பவுணும் நிப்சி ஹசிலும்

ஒரு ராப் பாடகர் பாட்டில் தொடங்கி, வியாபாரத்துக்குப் போய், பிறகு ஊருக்கு உழைக்கிறவராக வருவது உண்மையிலேயே நடக்கிற காரியமா, இல்லை யூடியூப்பில் பின்னணி இசை போட்டுச் சொல்கிற கதையா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தம்பிக்கு 22 வயது, உவர்மலையில் வீடு, இதுவரை இரண்டு பாட்டு ஏற்றியிருக்கிறார், அமெரிக்க ராப் பாடகர் நிப்சி ஹசில் மாதிரி வருவேன் என்கிறார். இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள்: ஸ்டூடியோ போட அம்மாவின் நாலு பவுண் காப்பை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது என்று. உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கு முதலே பதில் சொல்லிவிடுகிறேன். வைக்க வேண்டாம். ஆனால் தம்பி பைத்தியக்காரத்தனமாகப் பேசுகிறார் என்றும் நான் சொல்லமாட்டேன். அவர் கதையைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார், வரிசையைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறார்.

நான் பாட்டுக்காரன் இல்லை. திருகோணமலையில் 22 வருடமாகச் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். உப்புவெளி விருந்தினர் விடுதிகள், ஐஸ் கடைகள், சவுண்ட் சேர்விஸ்காரர், இரண்டு இசைக்குழு, ஒரு ரீசேட் வியாபாரம் என்று எல்லாம் என் மேசைக்கு வந்திருக்கின்றன. தம்பியின் பாட்டு நல்லதா கெட்டதா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், என் மகனே சிரிப்பான். காசு எந்த வழியால் வந்தது, எந்த வழியால் போனது என்பதைத்தான் எனக்குப் பார்க்கத் தெரியும். நிப்சியின் கதையையும் அப்படித்தான் வாசித்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் எர்மியாஸ் அஸ்கெடோம். 1985 ஓகஸ்டில் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். அப்பா எரித்திரியாவில் இருந்து அமெரிக்காவில் குடியேறியவர். பெடியன் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு, அந்தப் பகுதியின் கும்பல் ஒன்றில் சேர்ந்தார். அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை, நாங்களும் மறைக்கத் தேவையில்லை. 2004இல் அப்பா அவரையும் அண்ணனையும் எரித்திரியாவுக்குக் கூட்டிப்போனார். முப்பது வருடச் சண்டையில் இருந்து எழும்பிய நாடு. அங்கே இருந்த மூன்று மாதமும்தான் தனக்குத் தொழில் செய்யும் எண்ணத்தையும் ஊருக்குச் செய்யும் எண்ணத்தையும் தந்தது என்று பிறகு சொன்னார். ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவில் இருந்து வரும் பிள்ளைகள் டச்சு பே கடற்கரையில் அப்பாமார் காட்டுகிற பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த மூன்று மாதம் நினைவுக்கு வரும்.

திரும்பி வந்து 2005இல் முதல் பாட்டுத் தொகுப்பை, ராப் பாடகர்கள் முழு அல்பத்துக்கு முதல் தாங்களே விடுகிற மிக்ஸ்டேப்பை, வெளியிட்டார். வெளியிட்டார் என்றால், கார் டிக்கியில் சீடியை வைத்துக்கொண்டு கிரென்ஷோ வீதியும் ஸ்லோசன் வீதியும் சந்திக்கிற இடத்தில் இருந்த கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில் நின்று விற்றார். அண்ணனும் அதே இடத்தில் ரீசேட், காலுறை என்று விற்றார். பிறகு ஒரு பெரிய இசை நிறுவனம் அவரை எடுத்தது. அது சரிவராமல் 2010இல் வெளியே வந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். 2017இல் அந்தச் சந்தியிலேயே மரதன் என்ற பெயரில் துணிக்கடை திறந்தார்கள். அவருடைய முதல் முழு அல்பம் வந்தது 2018இல், கிராமி விருதுக்குப் பரிந்துரையும் ஆனது. 2019இன் தொடக்கத்தில், எந்தக் கடைத்தொகுதியின் முற்றத்தில் நின்று சீடி விற்றார்களோ அந்தத் தொகுதியையே பங்காளிகளோடு சேர்ந்து வாங்கினார்கள்.

இந்த வருடங்களைத் தம்பியை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். முதல் தொகுப்பில் இருந்து அந்தக் கடைக்கு 12 வருடம், அல்பத்துக்கு 13 வருடம். அந்த இடைவெளியில் அவர் பாட்டுக்காரராக இருந்துகொண்டு வியாபாரத்துக்குக் காத்திருக்கவில்லை. முதல் நாளே வியாபாரியாகத்தான் நின்றார். “பாட்டு, பிறகு காசு, பிறகு கடை, பிறகு சேவை” என்று நான்கு படியாகச் சொல்கிற கதை, முடிந்த பிறகு திரும்பிப் பார்த்து அடுக்கியது. நடந்துகொண்டிருந்தபோது எல்லாம் ஒரே கார் நிறுத்துமிடத்தில் ஒன்றாகத்தான் நடந்தன.

இனி எனக்குப் பிடித்த இடம். 2013இல் ‘கிரென்ஷோ’ என்ற தொகுப்பை இணையத்தில் இலவசமாக விட்டார். யாரும் தரவிறக்கலாம், ஒரு சதம் வேண்டாம். அதே நேரம் அதன் 1000 பிரதிகளை மட்டும் அச்சடித்து, ஒன்று 100 டொலர் என்று விலை போட்டார். எல்லாம் விற்றுப்போனது. ராப் உலகத்தின் பெரிய நட்சத்திரமான ஜே-சி ஒருவரே 100 பிரதி வாங்கினார். செய்திகள் ஜே-சியைப் பற்றித்தான் எழுதின. நான் மிச்சம் 900ஐப் பார்க்கிறேன். மொத்தம் ஒரு இலட்சம் டொலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒரு கோடியே 30 இலட்சம் ரூபா. அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு பெரிய மனிதரின் காசு. மற்றது, இலவசமாகக் கிடைக்கிற ஒரு பாட்டுக்கு 100 டொலர் கொடுக்கத் தயாராக இருந்த ஆட்களின் காசு. அவர்கள் பாட்டையா வாங்கினார்கள்? பாட்டு ஏற்கெனவே அவர்களின் கைபேசியில் இருந்தது. எட்டு வருடமாகத் தங்கள் சந்தியில் நின்ற ஒருவனை அவர்கள் வாங்கினார்கள். எங்கள் ஊரில் கோயில் திருவிழாவில் ஒரு மாம்பழத்தை ஏலத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்களே, அந்தக் காசில் பழத்தின் விலை எவ்வளவு?

இதே 100 டொலர் உங்கள் தம்பிக்கு வேறு ஒரு இடத்தில் எதிர்ப்படும். யூடியூப்பில் நீள வீடியோ வழியால் விளம்பரக் காசு வரத் தொடங்க 1000 சந்தாதாரரும் ஒரு வருடத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அந்த வாசலைத் தாண்டினாலும் கணக்கில் 100 டொலர் சேரும்வரை பணத்தை அனுப்பமாட்டார்கள். நிப்சி ஒரு ஆளிடம் ஒரு தடவையில் வாங்கிய தொகை, எங்கள் பெடியன்களுக்கு மாதக்கணக்கில் சேர வேண்டிய தொகை. என்னிடம் கணக்குக் கொண்டுவந்த இரண்டு குழுவில் ஒன்று அந்தத் தொகையை இன்னும் காணவில்லை. ஆகவே, காசு பார்வைகளில் இருந்து வரும் என்ற எண்ணத்தில்தான் ஸ்டூடியோ போடப் போகிறார் என்றால், அடகுச் சீட்டுக்கு மீட்பு நாள் உண்டு, பாட்டு ஓடுவதற்கு அப்படி ஒரு நாள் கிடையாது.

பாட்டு யாருடையது என்பது அடுத்த விஷயம். நிப்சி பெரிய நிறுவனத்தில் இருந்து வெளியேறிய பிறகு, தன் பதிவுகளின் உரிமையைத் தன் கையிலேயே வைத்திருப்பதில் பிடிவாதமாக இருந்தார். 2017இல் மறுபடி ஒரு பெரிய நிறுவனத்தோடு சேர்ந்தபோதும் பங்காளியாகத்தான் சேர்ந்தார். எங்கள் பெடியன்கள் இதை மேடையில் மேற்கோள் காட்டுகிறார்கள், வீட்டுக்குப் போய் யூடியூப்பில் “இலவச பீட்” என்று, அதாவது வேறு யாரோ செய்துவைத்த பின்னணி இசையை, தேடி எடுத்து அதன் மேல் பாடுகிறார்கள். அந்த பீட்டின் கீழே, காசு சம்பாதிக்காத பாவனைக்கு மட்டும் இலவசம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்தப் பாட்டில் இருந்து வருமானம் வரத் தொடங்கினால் பீட் செய்தவர் எங்கிருந்தோ வந்து உரிமை கேட்பார், கேட்பது நியாயமும்கூட. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பாட்டை எழுதியவருக்கு உரிமை தானாகவே வரும், எங்கேயும் பதியத் தேவையில்லை, வாழ்நாளும் அதன்பின் 70 வருடமும் நிற்கும். அது தம்பி எழுதிய வரிகளுக்கு. பீட்டுக்கு அல்ல. பக்கத்து வீட்டில் கீபோர்ட் வாசிக்கிற ஒரு பெடியன் இருந்தால், அவனோடு ஒரு தாளில் “பாதி உனக்கு, பாதி எனக்கு” என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைப்பது, நாலு பவுணுக்குக் கட்டுகிற ஸ்டூடியோவைவிடப் பெரிய முதல். தமிழிலேயே உதாரணம் இருக்கிறது. 2021இல் உலகமெல்லாம் ஓடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டில் இருந்து தங்களுக்கு ஒரு ரூபா வருமானமும் வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் பகிரங்கமாகச் சொன்னார். அதில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் ஆள் இல்லை. அவ்வளவு பார்வை போன ஒரு பாட்டுக்கே இந்தப் பேச்சு வந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

ஜே-சியின் கதையிலும் அதே கணக்குத்தான். 1990களின் நடுவில், பெரிய நிறுவனங்கள் எடுக்காதபோது, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து சொந்த இசை நிறுவனம் தொடங்கினார். 1999இல் ரொக்கவெயர் என்று துணி வியாபாரம். 2007இல் அந்தத் துணிப் பெயரின் உரிமையை மட்டும் 20 கோடி 40 இலட்சம் டொலருக்கு விற்றார். விற்றது தையல் இயந்திரத்தை அல்ல, ஒரு பெயரை. அந்தப் பெயருக்கு மதிப்பைக் கொடுத்தது பாட்டு. கணக்குப் புத்தகத்தில் இதை எங்கே எழுதுவது என்று என்னைக் கேட்டால், பாட்டை விளம்பரச் செலவுப் பக்கத்தில் எழுதுவேன். பாட்டுக்காரர்கள் கோபிக்கக்கூடாது.

சரி, லொஸ் ஏஞ்சல்ஸ் போதும். எங்கள் ஊரில் ஒரு பெடியன், பெயர் வேண்டாம், 2023இல் ஒரு சீ.ஆர். கொப்பியோடு என்னிடம் வந்தார். நன்றாக ராப் பாடுவாராம். தன் குழுவின் பெயரை அச்சடித்து 120 ரீசேட் செய்தார். புறக்கோட்டையில் வெறும் சேட் ஒன்று 1,100 ரூபா, அச்சுக்கு 300, கொழும்பில் இருந்து ஏற்றியிறக்க மொத்தமாக 6,000. ஒரு சேட் 1,450க்கு வந்து நின்றது. 2,200க்கு விற்றார். 83 விற்றது. கொப்பியில் 8,600 ரூபா இலாபம் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் ஒரு சிரித்த முகமும் கீறியிருந்தார். காசை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். கையில் 33,200 குறைந்தது. 19 சேட் கடனுக்குப் போயிருந்தது, “மச்சான், அடுத்த மாதம் தாறன்” என்று. கடன் வாங்கின அத்தனை பேரும் அவருடைய பாட்டுக்குக் கைதட்டுகிறவர்கள். மிஞ்சிய 37இல் பாதிக்கு மேல் எக்ஸ்எல், ஏனென்றால் எல்லா அளவிலும் சமமாக 30 என்று அடித்துவிட்டார். எங்கள் பெடியன்கள் எத்தனை பேர் எக்ஸ்எல் உடுக்கிறார்கள்?

ஆனால் அவர் விடவில்லை. அடுத்த முறை குழுவின் பெயரை எடுத்துவிட்டு ‘திருமலை’ என்று தமிழில், நல்ல தடித்த எழுத்தில், 60 மட்டும் அடித்தார். அவருடைய பாட்டில் எல்லாரும் சேர்ந்து கத்துகிற இடத்தில் வருகிற சொல்லும் அதுதான். உப்புவெளியிலும் அலஸ்தோட்டத்திலும் இரண்டு விடுதிகளின் வரவேற்பு மேசையில் வைத்தார், கடன் இல்லை என்று ஒரு அட்டையும் வைத்தார். ஓகஸ்டில் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் வந்த நேரம், ஐந்து கிழமையில் முடிந்தது. வெள்ளைக்காரர் அந்தச் சேட்டை அவ்வளவாக எடுக்கவில்லை. அந்த எழுத்து என்னவென்று தெரிந்தவர்களும், தெரியாமல் அப்பாவிடம் கேட்டவர்களும்தான் எடுத்தார்கள். இந்த உற்சாகத்தில் மத்திய வீதியில் ஒரு கடை அறை வாடகைக்கு எடுக்கப் போகிறேன் என்றார். நாட்காட்டியைக் காட்டினேன். எங்கள் கடற்கரைக்கு ஆட்கள் வருவது மே தொடக்கம் செப்டெம்பர் வரை. நவம்பரில் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் நிலாவெளியில் நாய்தான் படுத்திருக்கும். ஐந்து மாத வியாபாரம் பன்னிரண்டு மாத வாடகையைத் தாங்காது. கடை எடுக்கவில்லை. இப்போது திருவிழாக் காலத்தில் ஒரு சவுண்ட் சேர்விஸ்காரரோடு போய் மைக் பார்க்கிறார், கையில் நிலையாக வருகிற காசு அதுதான். வருடத்துக்கு இரண்டு தடவை சேட் அடிக்கிறார். பாடுகிறார்.

ஊருக்கு உழைக்கிற பகுதியில் நிப்சி என்ன செய்தார் என்பது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. தன் பகுதி ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார், விளையாட்டு முற்றத்தைத் திருத்தினார். வேலை கிடைக்காமல் திரிந்தவர்களைத் தன் கடையில் வேலைக்கு எடுத்தார். 2018இல் ஒரு முதலீட்டாளரோடு சேர்ந்து வெக்டர்90 என்ற பொது வேலையிடத்தைத் திறந்து, அதிலேயே இளைஞர்களுக்கு அறிவியல், தொழில்நுட்பப் பயிற்சிக்கும் இடம் வைத்தார். பணக்காரர் ஆன பிறகு காசோலை எழுதியவர் மாதிரி இதைச் சொல்லக்கூடாது, கடை இருந்த சந்திக்குச் செய்தார். அதன் மறுபக்கமும் இருக்கிறது. 2019 மார்ச் 31ஆம் திகதி, அந்தக் கடை வாசலிலேயே, அவரைத் தெரிந்த, அதே பகுதி ஆள் ஒருவர் அவரைச் சுட்டுக்கொன்றார். அப்போது வயது 33. 2022இல் அந்த ஆள் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்தக் கொலையைச் சுற்றி இணையத்தில் ஓடுகிற சதிக் கதைகளைத் தம்பி அனுப்பினால் வாசிக்காமல் விடுங்கள், நீதிமன்றத்தில் வந்தது இரண்டு பேருக்கு இடையிலான தகராறு.

எங்களூரில் சேவையில் ஆபத்து துவக்கால் வருவதில்லை, பற்றுச்சீட்டால் வருகிறது. ரீசேட் அடித்த அதே பெடியனுக்குக் கனடாவில் இருக்கும் உறவுக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கக் காசு அனுப்பினார்கள், ஒன்றரை இலட்சம். அவருடைய சொந்தக் கணக்குக்கே வந்தது. கொப்பி வாங்கினார், கொடுத்தார், படமும் போட்டார். மூன்று பற்றுச்சீட்டு தொலைந்தது. 11,000 ரூபாவுக்குக் கணக்குக் காட்ட முடியவில்லை. அவர் எடுக்கவில்லை என்று நான் நம்புகிறேன், கொப்பி மூட்டைகள் என் கண்ணால் கண்டவை. ஆனாலும் தேநீர்க் கடையில் அந்த 11,000 மூன்று மாதத்தில் 50,000 ஆகிவிட்டது. பிறகு அவர் ஊர்ச் சங்கக் கூட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார். சுனாமிக்குப் பிறகு காசும் பொருளும் ஊருக்குள் கொட்டின நாட்களில் இருந்து நான் பார்த்துவரும் விஷயம் இது. நல்ல மனம் இருந்தவர்கள்தான் கணக்கில் விழுந்தார்கள், கள்ளர்கள் கணக்கைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். உங்கள் தம்பி ஊருக்கு ஏதாவது செய்யப் போகிறார் என்றால் தன் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கத் தேவையில்லை. உங்கள் பக்கத்தில் சனசமூக நிலையம் இருக்கும், விளையாட்டுக் கழகம் இருக்கும், மரண உதவிச் சங்கம் இருக்கும். அவற்றுக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பேரும், இரண்டு கையெழுத்தோடு ஒரு வங்கிக் கணக்கும் ஏற்கெனவே உண்டு. வருகிற காசு அதற்குள் வரட்டும், தம்பி மேடையில் பாடட்டும்.

இதுவரை சொன்னதில் வருடமும் தொகையும் நான் உறுதியாகச் சொல்கிறவை. நிப்சியின் சொத்து இத்தனை மில்லியன் என்று இணையத்தில் ஓடுகிற தொகைகளை நான் தொடவில்லை, ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். சந்தேகமான பகுதி, அந்த வழி இங்கே பொருந்துமா என்பது. லொஸ் ஏஞ்சல்ஸ் உலகத்தின் பாட்டு, சினிமா வியாபாரம் குவிந்து கிடக்கிற நகரம். அவருடைய சந்தியில் போகிற ஒரு காரில் ஒரு பாட்டுத் தயாரிப்பாளர் இருக்கலாம். எங்கள் ஊர் அநுராதபுரச் சந்தியில் போகிற காரில் கொழும்புக்கு மீன் போகலாம். தமிழ் ராப்புக்கு ஆட்கள் இல்லை என்று சொல்லமாட்டேன், மலேசியாவின் யோகி பியும் நட்சத்திராவும் 2006இலேயே அதைக் காட்டிவிட்டார்கள். அந்த ஆட்கள் சென்னை, கோலாலம்பூர், டொரொன்டோ, லண்டன் என்று சிதறி இருக்கிறார்கள். ஒரு சந்தியில் நின்று சீடி விற்று அவர்களைப் பிடிக்க முடியாது. திருகோணமலையில் இருந்து ஒருவர் அப்படி எழும்ப முடியாது என்று நான் சொல்லவில்லை. என் மேசைக்கு இன்னும் அப்படி ஒரு கொப்பி வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக, காப்பு. நிப்சி ஸ்டூடியோவில் தொடங்கவில்லை, கார் டிக்கியில் தொடங்கினார். தம்பிக்கு இப்போது வேண்டியது ஒரு நல்ல மைக், அதைக் கணினியோடு இணைக்கிற சின்னப் பெட்டி, ஒரு ஹெட்போன். குரல் பதிய அலுமாரிக் கதவைத் திறந்து தொங்குகிற சேலைகளுக்கு நடுவே மைக்கை வைத்தால் எதிரொலி அடங்கும், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மணிக்கணக்குக்கு வாடகைக்குக் கிடைக்கிற ஸ்டூடியோவில் ஒரு பாட்டை முடிக்கலாம். அந்தச் செலவை அவரே ஆறு மாதம் வேலை செய்து சேர்க்கட்டும், எந்த வேலை என்றாலும். சேர்க்கும்போது ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது, நண்பனுக்குக் கொடுத்த கடன் தனிப்பக்கம் என்று எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கொப்பியோடு என்னிடம் வந்தால் காசு வாங்காமல் பார்த்துத் தருகிறேன். அதற்கு முதல் அம்மா காப்பைக் கழற்றிவிட்டால், நகைக் கடைக்குப் போகிற ஓட்டோவில் நீங்களும் ஏறி, வழியிலேயே அவரைத் திருப்பிக் கூட்டிவாருங்கள்.